கடலோரக் குடில் சரி, சோறு யார் வடிப்பது?

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் எழுதுபவர்களும் வரைபவர்களும் தனியாகப் போய்த் தங்கும் மணல்மேட்டுக் குடில்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நாலே வரிதான். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் பாதித் தமிழ்நாடு மூட்டை கட்டிவிட்டது போலிருக்கிறது. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு லீவு.

அந்த மணல் குடில்கள் உண்மையில் எப்படி இருக்கும்? ரிசார்ட் மாதிரியா? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

ரிசார்ட் என்று நினைத்துப் போனால் முதல் ராத்திரியே அழுதுவிடுவீர்கள். கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது, கழிப்பறை வெளியே.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வரைபடத்தைப் பார்த்தால், முழங்கையை மடக்கிய மாதிரி ஒரு நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கேப் காட். அந்தக் கையின் விரல் நுனியில் இருக்கிற ஊர் ப்ராவின்ஸ்டவுன். ஊருக்குப் பின்பக்கம், அட்லாண்டிக்கைப் பார்த்தபடி, மணல்மேடுகளுக்கு நடுவே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருபதுக்கும் குறைவான மரக் குடில்கள். தார் ரோடு கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மணலில் ஓட்டத் தெரிந்த யாராவது கொண்டுபோய் விட வேண்டும்.

இந்தக் குடில்களை யாரும் கலைக்காகக் கட்டவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அந்தக் கரையை ஒட்டிக் கடலுக்கடியில் பீக்டு ஹில் பார்ஸ் என்று மணல் திட்டுகள் இருக்கின்றன. பாய்மரக் கப்பல் காலத்தில் அதில் தட்டி உடைந்த கப்பல்களுக்குக் கணக்கில்லை. எப்படியோ நீந்திக் கரையேறிய மாலுமிகள், ஆள் நடமாட்டமே இல்லாத மணலில் குளிரில் விறைத்துச் செத்தார்கள். அவர்கள் ஒண்டிக்கொள்ள ஒரு தர்ம சங்கம் தஞ்சக் குடிசைகளைக் கட்டிவைத்தது. அப்புறம் 1872-ல் அரசாங்கமே அங்கே ஓர் உயிர்காப்பு நிலையம் அமைத்தது. அதில் வேலை பார்த்தவர்கள், ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகள் வந்தால் தங்குவதற்காகக் கரையொதுங்கிய பலகைகளை வைத்து ஆளுக்கொரு குடிலாக அடித்துக்கொண்டார்கள். அந்த வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு, 1920-கள் வாக்கில், வாடகை கொடுக்க வக்கில்லாத கவிஞர்களும் ஓவியர்களும் உள்ளே புகுந்தார்கள்.

நாடகாசிரியர் யூஜின் ஓநீல், 1936-ல் நோபல் வாங்கியவர், அவர் கொஞ்சம் வசதி. பயன்பாட்டில் இல்லாத பழைய உயிர்காப்பு நிலையத்தையே 1919-ல் அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார். 1931-ல் அதைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே அது அதிசயமில்லை. ஒரு பக்கம் கடல் கரையைத் தின்கிறது, இன்னொரு பக்கம் காற்று மணலைக் கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறது. கதவைத் திறக்க மண்வெட்டி வேண்டும். சில குடில்களைத் தூக்கிப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். புல் நட்டு மணலைப் பிடித்து வைப்பது அங்கே தங்குபவர்களின் அன்றாட வேலை.

இனி தண்ணீர். அடிபம்புதான், நம் ஊரில் போர்வெல் வருவதற்கு முன்னால் இருந்த அதே ரகம். வாஷர் காய்ந்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் புஸ் புஸ்ஸென்று காற்றுத்தான் வரும். மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கையை நிறுத்தாமல் அடிக்க வேண்டும், ஏழெட்டு அடிக்குப் பிறகு பிடி திடீரென்று கனக்கும், அப்போதுதான் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். அதை வாளியில் பிடித்து மணலில் கால் புதையப் புதையத் தூக்கி வர வேண்டும். ராத்திரிக்கு மண்ணெண்ணெய் விளக்கு. திரியைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் சிம்னி கரி பிடிக்கும், காலையில் சாம்பலும் துணியும் வைத்துத் துடைக்க வேண்டும். நம் பாட்டிமார் தினமும் சாயங்காலம் செய்த வேலை. அதை இன்று விண்ணப்பம் போட்டு, வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள்.

தனியாகக் கடற்கரையில் குடில் போட்டுத் தங்குவது எல்லாம் தண்ணி அடிக்கத்தானே? உண்மையைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், மதுரை

அடித்துத்தான் ஆக வேண்டும். மேலே பம்பைப் பற்றிப் படித்தீர்கள் அல்லவா?

சரி, நீங்கள் கேட்கும் தண்ணியும் உண்டு. ஓநீல் குடிக்கு அடிமையாக இருந்து 1926 வாக்கில் மீண்டவர். ஆனால் அந்த மணலில் போதையோடு ராத்திரி வழி தேடி நடந்து பாருங்கள், மறுநாள் நீங்களே எழுதி வைத்துவிடுவீர்கள், வேண்டாம் என்று.

இந்த மாதிரி இடங்களில் நமக்குப் பணம் தருவார்களா, நாம் கொடுக்க வேண்டுமா? என்னைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு இடம் கிடைக்குமா? குடில்கள் யாருக்குச் சொந்தம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதில்தான் சண்டையே. 1961-ல் கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தால் அந்தக் கடற்கரை முழுக்கத் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. இந்தப் பலகை வீடுகள் எதற்கு, இடித்துத் தள்ளலாம் என்பதுதான் அன்றைய எண்ணம். ஊர்க்காரர்கள் விடவில்லை. வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, 2012-ல் அந்தப் பகுதியை வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பட்டியலிலேயே ஏற்றிவிட்டார்கள். ஆக, நிலமும் அநேகமாக எல்லாக் குடில்களும் அரசாங்கத்துடையவை, தலைமுறையாக அங்கே இருந்த குடும்பங்கள் சில இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, வேறு சிலவற்றை லாப நோக்கமில்லாத அறக்கட்டளைகள் பராமரிக்கின்றன. 2023-ல் எட்டுக் குடில்களைக் குத்தகைக்கு விட அரசாங்கம் விண்ணப்பம் கேட்டபோது ஊரே கொந்தளித்தது. அந்த ரகளையில் வெளியேறச் சொல்லப்பட்டவர்களில் 94 வயது ஓவியர் ஒருவரும் உண்டு.

இடம் கிடைப்பது இரண்டு வழியில். அறக்கட்டளைகள் சில வாரங்களைக் குலுக்கல் முறையில், கட்டணம் வாங்கிக்கொண்டு, யாருக்கு வேண்டுமானாலும் தருகின்றன. சில வாரங்களைக் கலைஞர்களுக்கென்று ஒதுக்கி, விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுத்துக் கொடுக்கின்றன. ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை. பணம் விஷயம் இடத்துக்கு இடம் மாறும். உலகத்தில் கலைஞர்கள் கொஞ்ச நாள் தங்கி வேலை பார்க்கும் உறைவிடங்களில் சில போக வர டிக்கெட், சாப்பாடு, கைச்செலவு எல்லாம் கொடுத்து அழைக்கின்றன, சிலவற்றில் தங்குவதற்கே நாம் கட்ட வேண்டும். "கலைஞர் உறைவிடம்" என்ற பெயர் போட்டு சும்மா லாட்ஜ் நடத்துபவர்களும் பெருகிவிட்டார்கள், ஜாக்கிரதை. விண்ணப்பத்தில் "கடல் என் ஆன்மாவை அழைக்கிறது" என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். பாதியில் நிற்கும் வேலை எது, எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது, மூன்று வாரத்தில் எந்தப் பகுதியை முடிக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள், அது போதும்.

நான் கவிதை எழுதுகிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார், காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படி. ஒரே ஒரு வாரம் எங்காவது கடற்கரையில் தனியாக இருந்து எழுத ஆசை என்றேன். "ஏன், மாடியில உக்காந்து எழுத வேண்டியதுதானே" என்கிறார் கணவர். என் ஆசை பேராசையா?
– ஒரு வாசகி, ஈரோடு

இல்லை அம்மா. இந்த வாரம் வந்ததிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது உங்கள் கடிதம்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்பூசியே, அந்த வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், பிரான்ஸின் தென்கிழக்குக் கோடியில் ரோக்புரூன் என்ற ஊரில் கடலைப் பார்த்த சரிவில் தனக்கென ஒரு மரக் குடில் கட்டிக்கொண்டார். 1951 டிசம்பர் கடைசியில், ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக வரைந்தேன் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி, சரியாக 3.66 மீட்டர் சதுரம். கட்டில், மேஜை, அலமாரி, கைகழுவும் தொட்டி எல்லாம் அதற்குள். உலகம் முழுவதும் கட்டடக்கலை மாணவர்கள் போய்ப் பார்த்து, அடடா எவ்வளவு எளிமை, மனுஷனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று உருகுவார்கள். யுனெஸ்கோ பட்டியலிலும் 2016-ல் ஏறிவிட்டது.

அதில் சமையலறை மட்டும் கிடையாது. ஏன் தெரியுமா? பக்கத்துச் சுவர் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. குடிலிலிருந்து நேராக அந்தக் கடைக்குள் போகக் கதவு வைத்திருந்தார். பசித்தால் கதவைத் திறப்பார், மீன் தயாராக இருக்கும். அது மட்டுமில்லை, மனைவியோடு அந்தப் பன்னிரண்டு அடி அறையில் இருந்துகொண்டு வேலை ஓடவில்லை போலும், கொஞ்ச நாளில் சற்றுத் தள்ளி வேலைக்கென்று தனியாக ஒரு கொட்டகையும் போட்டுக்கொண்டார். பிறந்தநாள் பரிசு வாங்கிய அம்மாவுக்குத் தனிக் கொட்டகை எதுவும் கட்டிக் கொடுத்ததாகக் காணோம்.

மேலே சொன்ன ஓநீல் கதையிலும் இதேதான். மணல்மேட்டு வீட்டில் அவர் நாடகம் எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரியும். உடன் இருந்த மனைவி ஆக்னஸ் போல்டனும் எழுத்தாளர்தான், கல்யாணத்துக்கு முன்பே பத்திரிகைகளுக்குக் கதை எழுதிச் சம்பாதித்தவர். 1919-ல் அவருக்குக் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு, கரண்ட் இல்லாத, தண்ணீர் தூக்க வேண்டிய வீட்டில் அவரால் எவ்வளவு எழுத முடிந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது 1958-ல்.

தனிமை என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி, வேறு யாரோ சோறு வடிக்கிறார்கள் என்பதுதான். உங்கள் கணவர் சொல்கிற மாடிக்கும் கடற்கரைக்கும் உள்ள வித்தியாசம் அலையோ காற்றோ இல்லை. மாடியில் இருந்தால் "அம்மா, சாக்ஸ் எங்கே" என்று கூப்பிட்டால் கேட்கும். அவ்வளவுதான். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சரி, நான் மாடியிலேயே எழுதுகிறேன், ஒரு வாரம் நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் கடற்கரைக்குப் போய்விட்டு வாருங்கள். என்ன சொல்கிறார் என்று அவசியம் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கடல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்காதா? நீங்கள் எப்போதாவது இப்படி இருந்து பார்த்திருக்கிறீர்களா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

இருந்தேன், ரொம்ப வருஷத்துக்கு முன்னால், தரங்கம்பாடிப் பக்கம். ஒரு வீட்டின் மாடி அறையைப் பத்து நாளைக்குப் பேசிக்கொண்டு, ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு போய் இறங்கினேன். முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் டீக்கடைக்கு ஐந்து முறை போனேன். மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் ரகசியமாகக் குனிந்து, "சார், கோர்ட்டு கேஸா?" என்றார். வீட்டுக்கார அம்மா மணிக்கொரு தரம் பேரனை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார், "பாட்டி தண்ணி வேணுமான்னு கேட்டாங்க" என்று. உபசாரம் பலமாக இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். நான்காம் நாள்தான் உறைத்தது. தனியாக வந்து கதவைச் சாத்திக்கொண்ட ஆள் ஏதாவது செய்துகொண்டுவிடுவானோ என்று அந்த அம்மாவுக்குப் பயம்! நம் ஊரில் தனியாக இருப்பவன் ஒன்று சாமியார், இல்லையென்றால் கடன்காரன், மூன்றாவது ரகத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஐந்தாம் நாள் கீழே இறங்கிப் போய், கதை எழுத வந்திருக்கிறேன் என்று சொன்னேன். "அட, அதுக்கா" என்றார், அதன் பிறகு பேரன் வரவில்லை. மறுநாள் விடிகாலை, படகு என்ஜின்கள் கிளம்புகிற சத்தத்தில் விழித்து எழுத உட்கார்ந்தவன் எட்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. மொத்தப் பத்து நாளில் உருப்படியாக எழுதியது அந்தக் கடைசி நாலரை நாளில்தான். இந்த உறைவிடம் என்கிற ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததும் இதுதான், அங்கே போனவனைப் பார்த்து ஏன் தனியாக இருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பைத்தியம் பிடிக்குமா என்றால், முழுத் தனிமை எல்லோருக்கும் ஒத்துவராது. பின்லாந்தில் மூமின் என்ற குழந்தைக் கதைகளை எழுதி வரைந்த டோவ் யான்சன், கடல் நடுவே க்ளூவ்ஹாரு என்ற பாறைத் தீவில் 1960-களின் நடுவில் ஒற்றை அறை வீடு ஒன்று கட்டினார். நான்கு பக்கமும் ஜன்னல், எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல். மரம் மட்டை கிடையாது, கரண்ட் கிடையாது. ஆனால் அங்கே அவர் தனியாக இருக்கவில்லை. வாழ்க்கைத் துணையான ஓவியர் தூலிக்கி பியெட்டிலாவும் கூட இருந்தார், இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட முப்பது கோடை காலம் இப்படி. வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு பாடுபட்டு வீட்டைக் கட்டிவிட்டு இரண்டு பேரும் பெரும்பாலும் படுத்துத் தூங்கியது வெளியே கூடாரத்தில். எழுபது வயதுக்கு மேல் உடம்பு ஒத்துழைக்காமல், கடலைப் பார்த்தால் பயம் வர ஆரம்பித்ததும், தீவை அந்தப் பகுதி மக்களின் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார்கள். முப்பது வருஷம் கூடவே இருந்த கடல் மேல் பயம் வந்தது என்று ஒளிக்காமல் சொன்னாரே, அதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை.

நமக்கு ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. இப்படி ஒன்றுகூட இல்லையே என்று வருத்தமாக இல்லையா?
– ஒரு வாசகர், சென்னை

உங்கள் ஊரிலேயே இருக்கிறதே, ஈசிஆரில் பஸ்ஸில் போகும்போது இடது பக்கம் திரும்பிப் பார்த்ததில்லையா? ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-ல், சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உண்டாக்கியது. அன்றைக்கு அங்கே வெறும் மணலும் சவுக்கும்தான்.

ஆனால் அவர்கள் தனிமையைத் தேடிப் போகவில்லை என்று நினைக்கிறேன். அவர்களுடைய பிரச்சினை சோறு. படித்து முடித்த பையன்களின் படத்தை வாங்க ஆளில்லை, ஏதாவது ஆபீஸில் டிசைன் போடப் போய்விட்டால் ஓவியம் அத்தோடு முடிந்தது. அதனால் பாட்டிக் வேலை செய்தார்கள். துணியில் உருக்கிய மெழுகால் கோடு போட்டு, சாயத்தில் முக்கி, மெழுகை எடுத்தால் மூடியிருந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும், காய்ந்த மெழுகில் விழுந்த வெடிப்பு வழியாகச் சாயம் நரம்பு நரம்பாக இறங்கியிருக்கும். அதை விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். கொஞ்ச நேரம் கைத்தொழில், மிச்ச நேரம் சொந்தப் படம். புரவலர் கிடையாது, அரசாங்கம் தூக்கிக் கொடுத்ததும் கிடையாது. மேலே ஈரோட்டு வாசகி கேட்டதற்கு நான் பார்த்ததிலேயே நாணயமான விடை இதுதான், யார் சோறு வடிப்பது என்பதை முதலில் பேசி முடித்துவிட்டு அப்புறம் தூரிகையைத் தொட்டார்கள். இன்றைக்கு சுற்றிலும் ஊர் வந்துவிட்டது, ஹார்ன் சத்தம் கேட்கிறது. இருந்தாலும் ஒரு சாயங்காலம் போய் வாருங்கள், உள்ளே அருங்காட்சியகமும் உண்டு.

பத்து நாள் கடற்கரையில் தனியாகத் தங்கி எழுத முடிவே செய்துவிட்டேன். என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?
– ஒரு வாசகர், விருதுநகர்

சபாஷ். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், ஈரக் காற்றில் தாள் நமுத்துப்போனால் மைப்பேனா ஊறும். தாளுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. துணி கிளிப் ஒரு டஜன், துணிக்கு இல்லை, காகிதம் பறக்காமல் இருக்க. லேப்டாப் என்றால் ராத்திரி பாலிதீன் பையில் போட்டு வையுங்கள், உப்பு எங்கே புகும் என்று தெரியாது. அரிசி, பருப்பு, ஊறுகாய். புத்தகம் ஒன்று போதும், நாலு கொண்டுபோனால் எழுத மாட்டீர்கள். போன உடனே வீட்டுக்காரரிடம் என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், டீக்கடையிலும். தீப்பெட்டியை மட்டும் சட்டைப்பையில் வைக்காதீர்கள், எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம் அரிசியோடு போட்டு மூடி வையுங்கள். தரங்கம்பாடியில் மூன்றாம் நாளே என்னிடமிருந்த எல்லாப் பெட்டியும் பதத்துப்போய், மெழுகுவத்தி ஏற்ற டீக்கடை அடுப்புக்குப் போக வேண்டியதாயிற்று.